பயூமி உடைக்காத மெழுகு

என் அப்பாவிடம் எதைக் கொடுத்தாலும் அது முதலில் அவருடைய இடது உள்ளங்கைக்குத்தான் போகும். இரண்டு முறை லேசாகத் தூக்கிப் பிடிப்பார். பிறகுதான் அது என்னவென்று பார்ப்பார். எலுமிச்சம்பழம், சோப்புக் கட்டி, பள்ளியில் நான் வாங்கிய பரிசுக் கோப்பை, எதுவானாலும் இதே கதைதான். அத்தைக்குக் குழந்தை பிறந்தபோது அதையும் அப்படியே வாங்கி, இரண்டு முறை தூக்கிப் பிடித்துவிட்டு, "மூணு கிலோ இருநூறு" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்று கிலோ எண்பது என்று இருந்தது. "நான் துணியோட சொன்னேன்" என்றார்.

"பிள்ளைக்கு விலை சொல்லாம விட்டாரே, அதுவரைக்கும் சரி" என்றாள் அம்மா.

விலை சொல்வதுதான் அவருடைய தொழில். கெய்ரோவின் ஸப்தியா தெருவில் இரும்பைச் சீவும் பழைய மில்லிங் மெஷினுக்கு வேண்டிய பல் வைத்த கட்டர், அதைக் கோக்கும் ஆர்பர், பிடித்து நிறுத்தும் வைஸ், கோலெட் எல்லாம் கடைக்குக் கடை குவியலாகக் கிடக்கும். எங்கெங்கோ மூடிய ஆலைகளிலிருந்து ஏலத்தில் எடுத்து வந்தவை. அந்தக் குவியலில் எது என்ன, எதற்கு எவ்வளவு தரலாம் என்று சொல்பவர் என் அப்பா, உஸ்தா பயூமி. கைத்தொழில் தெரிந்தவர்களை அங்கே உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கடை கிடையாது. ஹாஜி தஸூகியின் கடை வாசலில் ஒரு மர நாற்காலி இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டு அவரைக் கூப்பிடுவார்கள். அவர் சொன்ன விலைக்கு மேல் பேச்சு இருக்காது.

அவருக்குச் செய்தித்தாள் படிக்க வராது. எழுத்துக் கூட்டிக் கூட்டித் தலைப்பு முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனால் கட்டரின் மேல் ருஷ்ய எழுத்தில் பொறித்திருக்கும் எஃகின் பெயரை விரலால் தடவியே சொல்லிவிடுவார். நூறு மில்லிமீட்டர் என்று பொறித்த கட்டர் தொண்ணூற்றாறு இருந்தால், எத்தனை முறை சாணை பிடித்திருக்கிறார்கள், இன்னும் எத்தனை முறை தாங்கும் என்று கணக்குச் சொல்வார். பல்லின் விளிம்பில் சூடேறி நீலம் ஓடியிருந்தால், "இவனைச் சுட்டுக் கொன்னுட்டாங்க" என்று தள்ளி வைப்பார். சாதாரணக் கட்டரின் மேல் கடைக்காரர்களே மின்பேனாவால் ஜெர்மனி என்று எழுதி வைப்பதும் உண்டு. அதைக் கையில் எடுத்ததும், "இந்த ஜெர்மனி பின்பக்கத்துச் சந்துலதானே இருக்கு? நடந்தே போயிடலாம்" என்பார். தெருவே சிரிக்கும். எழுதிய கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். வேறு வழியில்லை.

ஸப்தியாவுக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் அவர் ஓர் அரசாங்க ஆலையில் பண்டகக் காப்பாளர். நகரத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஆலையில் மில்லிங் கட்டர்தான் செய்தார்கள். ருஷ்யர்கள் கொடுத்த வரைபடம், ருஷ்ய எஃகு. செய்து முடித்த கட்டரை எண்ணெய்த் தாளில் சுற்றி, காய்ச்சிய மெழுகில் முக்கி எடுத்துத் தட்டில் அடுக்குவது அவர் வேலை. மெழுகுக்குள் இருக்கும் வரை அது துருப்பிடிக்காது. ஆலையை விற்றபோது முன்கூட்டியே ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. சின்ன ஓய்வூதியம் அது. வாடகைக்கும் ரொட்டிக்கும் வரும், என் படிப்புக்கு வராது. அதனால்தான் ஸப்தியா.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எஞ்சினியரிங். சனிக்கிழமைகளில் நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, அப்பா சொல்லும் மதிப்பைச் சீட்டில் எழுதித் தருவேன். பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, கடைசியில் ஒரு சொல்: "சுத்தம்", அல்லது "பழுது". கடைக்காரர்கள் என்னை எஞ்சினியரம்மா என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். எது எந்தப் பாதி என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போதும் தெரிகிறதா என்று சொல்ல முடியாது.

மெழுகுச் சரக்குக்கு ஸப்தியாவில் தனி வழக்கம் உண்டு. வாங்கும் முன் மெழுகை உடைக்கக் கூடாது. மெழுகு உடைந்தால் அது கையாண்ட பொருள், விலை பாதி. உடையாமல் இருந்தால் இருபது வருஷம் ஆனாலும் புதுச் சரக்கு. உடைக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்ல ஒரு கை வேண்டும், அதற்குத்தான் என் அப்பா. வாங்கியவர் வீட்டுக்குப் போய் உடைத்துவிட்டால் பிறகு திருப்ப முடியாது. ஒரே ஒரு வழிதான் உண்டு. மதிப்புச் சொன்னவர் மூன்று கடைக்காரர்கள் முன்னால் நின்று, "என் சொல்லைத் திருப்பி எடுத்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் விற்றவர் மறுபேச்சில்லாமல் சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். அப்படிச் சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவர் இரண்டு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அவர் தெருமுனையில் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தார். என் அப்பா பதினொரு வருஷத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை. தஸூகி அதைப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வஹீப் அப்படிப் புதிதாக வந்தவர் இல்லை. ஷுப்ராவில் ஒரு பட்டறை, அதில் ஒரே ஒரு செக் நாட்டு மில்லிங் மெஷின், அவரும் மைத்துனரும். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களிடம் வந்தால் பேரம் பேசமாட்டார், கதை பேசுவார். அந்த மார்ச் மாதம் அவருக்கு ஒரு வேலை வந்திருந்தது. ரொட்டிக்கூடங்களில் மாவு பிசையும் மெஷின்கள் நாற்பதுக்குப் பற்சக்கரம் வெட்டித் தர வேண்டும். அதற்குப் பல் வெட்டும் கட்டர்கள் வேண்டும், அதுவும் முழு செட்டாக. ஒரு செட்டுக்கு எட்டு. ஒன்றிலிருந்து எட்டு வரை எண் இருக்கும், சக்கரத்தில் எத்தனை பல் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒன்று குறைந்தாலும் செட் முடம்.

தஸூகியிடம் பன்னிரண்டு செட் இருந்தது. அப்போதுதான் ஏலத்திலிருந்து வந்தது. எல்லாம் மெழுகுக்குள். ஒன்பதாயிரத்து அறுநூறு பவுண்டு.

"அவ்வளவு எங்கிட்ட இல்ல ஹாஜி" என்றார் வஹீப். "ஆனா வீட்டுக்காரி வளையல் இருக்கு. அவ கையைக் கழுத்துக்குப் பின்னால மறைச்சுக்கிட்டுத் தூங்கறா, மூணு நாளா."

"அவ கையில இருந்தா வளையல். உன் மெஷின்ல மாட்டினா காசு" என்றார் தஸூகி. "உஸ்தாவைக் கேளு. நான் வியாபாரி, நான் பொய் சொல்லுவேன். அவர் சொல்லமாட்டார்."

அப்பா ஒரு கட்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். இரண்டு முறை. இன்னொன்று. பிறகு மெழுகை முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சந்தோஷப்பட்டார்.

"இது எங்க ஆலை மெழுகு. நான் காய்ச்சினது" என்றார். "இதுல தேன்மெழுகு கொஞ்சம் அதிகமாப் போடுவேன், வெடிக்காம இருக்கறதுக்கு. என் கையால முக்கி எடுத்த சரக்குடா வஹீப்."

"அப்ப உள்ள இருக்கறது?"

"எடை சரியா இருக்கு. எஃகு சரியா இருக்கு. எட்டு எட்டா நானே அடுக்கினது. உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பு."

மற்றச் சமயங்களில் அவர் பொறுப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தமாட்டார். விலை சொல்வார், சுத்தம் என்பார், அவ்வளவுதான். நான் சீட்டில் எழுதினேன்: பன்னிரண்டு செட், தொண்ணூற்றாறு கட்டர், சுத்தம். என் கையெழுத்து கொஞ்சம் வலது பக்கம் சாயும். அந்தச் சீட்டிலும் சாய்ந்துதான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து வஹீப் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வெளியே போயிருந்தார். கைக்குட்டையில் ஒரு கட்டரைச் சுற்றி வைத்திருந்தார். பிரித்துக் காட்டினார். பற்களின் விளிம்பு, கடித்துக் கடித்து மழுங்கிய பென்சில் முனை மாதிரி இருந்தது.

"சக்கரத்துல அஞ்சாவது பல் வெட்டறதுக்குள்ளயே இப்படி ஆயிடுச்சும்மா. முதல்ல என் மெஷின் வேகத்தைத்தான் சந்தேகப்பட்டேன். குறைச்சேன். எண்ணெயை மாத்தினேன். வேற செட்டை உடைச்சேன். அதுவும் இதே கதி. நீ எஞ்சினியரிங் படிக்கிறியே, இதைப் பார்த்துச் சொல்லேன். உஸ்தாகிட்ட நேராக் கேக்க ஒரு மாதிரியா இருக்கு."

மறுநாள் அதைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். கடினம் அளக்கும் கருவியில் வைத்தேன். அறுபத்து மூன்று காட்ட வேண்டும். இருபத்து நான்கு காட்டியது. நான்கு இடத்தில் அளந்தேன். இருபத்து நான்கு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்து நான்கு. எஃகு நல்ல எஃகுதான். ஆனால் அது உலைக்கே போகவில்லை. பல் வெட்டி, எண் பொறித்து, பதமேற்றாமல் அப்படியே மெழுகில் முக்கியிருக்கிறார்கள். பதமேற்றிய கட்டரும் ஏற்றாத கட்டரும் ஒரே எடைதான் இருக்கும். எந்த உள்ளங்கைக்கும் வித்தியாசம் தெரியாது. ஓர் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும், ஆனால் அதற்கு மெழுகை உடைக்க வேண்டும்.

ஆய்வகத்தில் முத்திரை போட்டுத் தந்த தாளை முதலில் வஹீபிடம் கொடுத்திருக்க வேண்டும். நான் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சரிசெய்துவிடுவார் என்று நம்பினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பயந்தேன் என்பதும் உண்மையாக இருக்கலாம்.

காலை உணவு நேரம். அப்பா ஃபூல் பயறுக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு அந்தத் தாளைப் பார்த்தார். எண்கள் அவருக்குப் படிக்கத் தெரியும்.

"இருபத்து நாலு" என்றார்.

"அப்பா, இது உலைக்குப் போகாத சரக்கு."

"தெரியும்."

"தெரியுமா?"

"இப்பத்தான் தெரியுது. அந்தக் கடைசி வருஷம் உலையோட செங்கல் இடிஞ்சுது. ரிப்பேருக்கு ஆள் வரலை. மாசக் கணக்குல உற்பத்தி காட்டணும். மேனேஜர் கூப்பிட்டார். பயூமி, நானூறு கட்டர் பாதியில நிக்குது, மெழுகு போட்டு உள்ள வை, முடிஞ்ச சரக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடு, உலை சரியானதும் எடுத்துச் சுட்டுக்கலாம்னார். போட்டேன். உலை சரியாகவே இல்ல. ஆலையை வித்துட்டாங்க. அந்த நானூறையும் உருக்கப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்."

அம்மா முலூகியா கீரையை ஆய்வதை நிறுத்தியிருந்தாள். "அப்ப நீங்க பொய்க் கையெழுத்துப் போட்டீங்களா?"

"எல்லாரும் போட்டாங்க."

"ஓய்வூதியத்துல கை வைப்பாங்களா, நாதிரா அப்பா?"

அந்தக் கேள்வியைத்தான் அவரும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பல வருஷம் கழித்து நான் விசாரித்தேன். அந்த ஆலையின் பேரேடுகளைக் கிலோ கணக்கில் பழைய தாளாக விற்றுவிட்டிருந்தார்கள். யாரும் எதையும் தேடப்போவதில்லை. அது அன்று எங்களுக்குத் தெரியாது.

"நீங்க போய் அந்த வார்த்தையைச் சொல்லிட்டாப் போதும்" என்றேன். "எப்படி வந்துதுன்னு சொல்ல வேண்டாம். தப்பாச் சொல்லிட்டேன்னு மட்டும்."

"என் மெழுகுன்னு சொல்லிட்டேனேம்மா. தெரு முழுக்கக் கேட்டுச்சே. உன் மெழுகுக்குள்ள பச்சை இரும்பு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே."

ஒரு வாரம் காத்திருந்தேன். அவர் எதுவும் செய்யவில்லை. பிறகு நான் தாளை வஹீபிடம் கொடுத்தேன். ஆனால் உலையைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வஹீப் அந்தச் சனிக்கிழமையே ஒரு கைவண்டியில் தொண்ணூற்றாறு கட்டரையும் ஏற்றிக்கொண்டு ஸப்தியாவுக்கு வந்தார். நானும் மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஹாஜி, சரக்கைத் திருப்பி எடுத்துக்குங்க" என்றார். "சோதனைத் தாள் இருக்கு. பல்கலைக்கழக முத்திரை."

தஸூகி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு. சட்டம் போட்டு மாட்டலாம்" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். "தாளுக்கு வாய் இருக்கா வஹீப்? மெழுகு உடைஞ்சுபோச்சு. இப்ப உஸ்தா வாயைத் திறந்தா நான் பணப்பெட்டியைத் திறப்பேன். இவங்க மூணு பேரும் சாட்சி. கேளு அவரை."

வஹீப் அப்பாவின் முன் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"உஸ்தா, உங்களைக் குத்தம் சொல்ல வரல. தப்பு யாருக்கும் வரும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க. வளையலை மீட்டுட்டு, வேற கட்டர் வாங்கி, வேலையை முடிச்சுக் குடுத்துடுவேன். மெஷின் தவணை நிக்குது. அதைத் தூக்கிட்டா நான் முடிஞ்சேன்."

அப்பா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உதடு பிரிந்தது.

"மெழுகை உடைச்சது யாரு?" என்றார்.

"நான்தான். உடைக்காம எப்படி மெஷின்ல மாட்டறது?"

"உடைச்ச பிறகு உள்ள இருந்தது இதுதான்னு யாருக்குத் தெரியும்? நான் பார்த்தது மெழுகோட."

வஹீப் ஒரு முறை சிரித்தார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். "நான் கட்டரை மாத்திட்டேன்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"இந்தத் தாள்? உங்க பொண்ணு அளந்தது."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "பொண்ணு படிச்சவ. படிப்புல இருக்கற மெஷின் ஒண்ணு காட்டும், பட்டறையில ஒண்ணு காட்டும்" என்றார்.

"என்ன எஞ்சினியரம்மா, உன் மெஷின் பொய் சொல்லுமா?" என்று தஸூகி கேட்டார். இந்த முறை பாதிக் கிண்டல் இல்லை, முழுக் கிண்டல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லாது என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். உலை இடிந்த கதையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சீட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

வஹீப் கைவண்டியைத் திருப்பினார். போகும்போது என்னிடம் மட்டும், "பரவாயில்லம்மா" என்றார். அதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலாம்.

அந்தக் கட்டர்களை இனிமேல் உலையில் சுட்டு, சாணை பிடித்து எடுக்க, புதிது வாங்குவதைவிட அதிகம் ஆகும். அவர் பழைய கட்டர்களைக் கடன் வாங்கி, இரவும் பகலும் வேலை செய்து பார்த்தார். பதினேழு மெஷினுக்குத்தான் சக்கரம் முடிந்தது. ரொட்டிக்கூடக்காரர் வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்தார். செப்டம்பரில் மில்லிங் மெஷினை விற்பது என்று ஆயிற்று. வாங்க வந்தவர் தஸூகி. மதிப்புச் சொல்ல அனுப்பிய ஆள் என் அப்பா.

"போகாதீங்க" என்றாள் அம்மா.

"கூப்பிட்டா போகணும். போகலைன்னா ஏன் போகலைன்னு கேப்பான்."

சீட்டு எழுத நானும் போனேன். ஒரே அறைப் பட்டறை. மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார் வஹீப், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைத் துடைத்து வைப்பதுபோல. அப்பா மெஷினின் மேசையைத் தள்ளிப் பார்த்தார், தண்டைச் சுழற்றிக் காது வைத்துக் கேட்டார். ஆர்பர்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். வளைவு இல்லை. கோலெட் பெட்டியில் ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரு விலை சொன்னார். சந்தை விலையைவிடக் கிட்டத்தட்டப் பத்தாயிரம் அதிகம். தஸூகியின் மகன் கூட வந்திருந்தான். வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

வஹீப் அப்பாவைப் பார்த்தார். "இதுக்கு மட்டும் நல்லாக் கண்ணு தெரியுதே உஸ்தா."

"மெஷின் நல்ல மெஷின்."

"இல்ல. பத்தாயிரம் சேர்த்து எனக்குப் பிச்சை போடறீங்க, அதுவும் ஹாஜி பையிலேர்ந்து." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு உங்க விலை வேணாம். மெஷினைக் கிலோவுக்குக்கூடப் போடறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க. கட்டரை நான் மாத்தலைன்னு தெருவுக்குத் தெரியணும். திருடன்னு சொல்லிட்டு வந்து விலை ஏத்தறீங்களே."

"நான் திருடன்னு சொன்னேனா?"

"நீங்க எதையுமே சொல்லல. அதுதான் விஷயம்."

அப்பா சீட்டில் கையொப்பம் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். வஹீப் அந்த விலையை வாங்கிக்கொள்ளவில்லை. சந்தை விலைக்கும் கீழே ஒரு விலையைத் தானே சொல்லி விற்றுவிட்டார். பிறகு இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு நின்றார். அங்கே அவர் ஓட்டியது தஸூகி அந்தப் பட்டறைக்கு விற்ற மெஷின். அதாவது அவருடையதே.

அப்பா தன் சொல்லுக்கு இருந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் அது நிற்கவில்லை. வஹீப் கட்டரை மாற்றியிருப்பார் என்று தெருவில் ஒருவரும் நம்பவில்லை. யாரும் அப்பாவிடம் அதைச் சொல்லவும் இல்லை. மெழுகுச் சரக்கு வந்தால் பையிலிருந்து ஓர் அரத்தை எடுத்து, அவர் கண்முன்னாலேயே ஓர் ஓரத்தை உடைத்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். "தப்பா நினைக்காதீங்க உஸ்தா, இப்பல்லாம் காலம் கெட்டுப்போச்சு" என்பார்கள். அப்படி ஆன பிறகு மதிப்பாளர் எதற்கு? ஒரு வருஷத்தில் அவருக்கு வேலை பாதியானது. மூன்றாம் வருஷம் தஸூகி நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார், மழைக்கு நனைகிறது என்று சொல்லி. கெய்ரோவில் வருஷத்துக்கு நாலு நாள் மழை.

நான் படிப்பை முடித்து வேலைக்குப் போனேன். ஒரு முறை அவரிடம் கேட்டேன், இப்போதாவது சொல்லலாமே என்று. "யார் கேக்கறாங்க இப்ப?" என்றார். "வஹீப் கேக்கறார்" என்றேன். அவர் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார்.

போன வருஷம், காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது விழுந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு இல்லை. அந்த இரண்டு நாளும் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அது என்னவென்று எழுதினால் ஒரு மகள் நினைக்கக்கூடியது இல்லை என்பார்கள். இனி அவரால் சொல்ல முடியாது என்பதுதான்.

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். பள்ளிவாசலில் அடக்கத் தொழுகை முடிந்ததும் சித்தப்பா வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "என் அண்ணன் யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தா என்கிட்ட வாங்க. அவர் பாரம் என் பாரம்." அன்று மாலை எங்கள் கட்டடத்துக்குக் கீழே துக்கப் பந்தலில் ஸப்தியாக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தஸூகியும் இருந்தார். வஹீப் வந்தார். தலை நரைத்திருந்தது. நான் கட்டட வாசலில் நின்றிருந்தேன், பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது.

"பள்ளிவாசல்ல சொன்னீங்களாமே" என்றார் சித்தப்பாவிடம். "எனக்கு ஒரு பாக்கி இருக்கு."

"எவ்வளவு உஸ்தா?"

"ஒரு வார்த்தை."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. தஸூகி கோப்பையைக் கீழே வைத்தார். நான் பந்தலுக்குள் போனேன். ஆண்கள் பந்தல் என்பதை மறந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த மூன்று கடைக்காரர்கள் அங்கேயே இருந்தார்கள், எண்ணிப் பார்த்துக்கொண்டேன். உலை இடிந்ததைச் சொன்னேன். கையெழுத்தைச் சொன்னேன். இருபத்து நான்கைச் சொன்னேன். "வஹீப் கட்டரை மாத்தலை. எங்க அப்பாவுக்கு அது தெரியும். அவர் சொல்லை நான் திருப்பி எடுத்துக்கிறேன்" என்றேன்.

பிறகு தஸூகி, ரொம்ப மெதுவாக, கிண்டல் இல்லாமல் சொன்னார்: "நீ மதிப்புப் போட்டவ இல்லம்மா. சீட்டு எழுதினவ."

அதில் தவறு ஒன்றும் இல்லை. வழக்கம் அப்படித்தான்.

"மன்னிச்சு விட்டுடுங்க உஸ்தா" என்றார் சித்தப்பா. "போனவருக்குப் பாரமா இருக்கும்."

"காசுன்னா இங்கயே இப்பவே விட்டிருப்பேன்" என்றார் வஹீப். "இது என்கிட்ட வந்து சேரவே இல்லையே. வராததை எப்படி விடறது?" சர்க்கரை போடாத துக்கக் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். என் பக்கம் தலையை அசைத்தார். எழுந்து போய்விட்டார்.

மளிகைக்கடை, மருந்துக்கடை, சட்டை தைத்தவர் என்று வந்தவர்களுக்கெல்லாம் சித்தப்பா அந்த வாரத்திலேயே கொடுத்து முடித்தார். வஹீபுக்குக் கொடுக்க எங்கள் வீட்டில் யாரிடமும் எதுவும் இல்லை.